ஏஞ்சலினுக்கு நான் கொடுத்த பயிற்சி

ஜூலை 7, திங்கள்

நான் முன்கூட்டியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஏஞ்சலின் விமானம் ஓட்டப் போகிறாள் என்று எங்கள் வடக்குத்து ஊரே வாயைப் பிளந்து நின்றபோது, 'இந்தப் பெண்ணுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது, முதலில் அதற்கு ஒரு வழி பண்ணுங்கள்' என்று சொன்ன ஒரே ஆள் இந்த லூர்துசாமிதான். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். ஆனால் தெளிவாகச் சொன்னேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வெடி கொளுத்தினால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட பிள்ளை அவள். தாய்மாமனுக்குத் தெரியாதா?

இன்று காலை பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெட்டியை நான்தான் வாங்கினேன். என் தங்கை மரியபுஷ்பம் மகளைப் பார்த்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கே அவள் அழுதுவிட்டாள்.

விஷயம் இதுதான். லைசென்ஸ் எல்லாம் வாங்கி, ஒரு கம்பெனியில் துணை விமானியாக எடுத்திருக்கிறார்கள். நிஜ விமானத்தில் ஏற்றுவதற்கு முன் சிமுலேட்டரில் பரீட்சை. இரும்புக் கால்களின் மேல் நிற்கும் ஒரு அறை, உள்ளே அச்சு அசலாக விமானத்தின் முன்பக்கம். ஜன்னலில் பொய் வானம். அதற்குள் பொய்யாக ஒரு இன்ஜினில் தீப்பிடிக்க வைப்பார்களாம். மணி அடிக்குமாம்.

"கை மடியிலயே இருந்துச்சு மாமா. பக்கத்துல இருந்தவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். எனக்குக் கேக்கவே இல்ல."

அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனால் வேலை போச்சு. இப்படித் தோற்றவளை வேறு எந்தக் கம்பெனியும் தொடாது என்கிறாள்.

அவள் படிக்கப் போகும்வரை காடாம்புலியூரில் எங்களுக்கு ஒரு முந்திரித்தோப்பு இருந்தது. இப்போது இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஜூலை 8

சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். பண்ருட்டியிலிருந்து சீசனின் கடைசிப் பலா ஒன்று வாங்கிவந்து வெட்டினேன். வீடே மணந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

அவளுக்கு ஒரு பயிற்சியாளர் போட்டிருக்கிறார்கள். கேப்டன் பொற்கொடியாம். இப்படிப் பதறிப்போகிறவர்களைச் சரிசெய்வதற்கென்றே இருக்கிற அம்மாள். இன்று செல்போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். நான் தற்செயலாக அந்த அறையில் ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். நேற்றும் துடைத்தேன் என்று மரியபுஷ்பம் சொல்வாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அந்த அம்மாள் சொன்னது: "இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல ஏஞ்சலின். உடம்பு பண்ற வேலை. காது அடைக்கும், கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும். எனக்கும் வந்திருக்கு. எனக்கு வராதுனு சொல்றவங்களோடதான் நான் பறக்க மாட்டேன்."

மருந்து என்ன தெரியுமா? மணி அடித்ததும் முதலில் கை இரண்டையும் தொடைமேல் வைக்க வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த இன்ஜின் என்று பக்கத்தில் இருப்பவரும் பார்த்து 'ஆமாம்' சொன்ன பிறகுதான் அந்த இன்ஜினை நிறுத்தக் கை போக வேண்டும். அதுவரைக்கும் விமானத்தை நேராகப் பறக்கவிடுவது மட்டுமே வேலை.

நெருப்பு எரிகிறது, இவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள்! சிரிப்புதான் வந்தது. விமானம் பற்றி எனக்குத் தெரியாததா? மைன்ஸ் டவுன்ஷிப்புக்கு ஒரு பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் வந்தபோது கயிற்றுக்கு இந்தப் பக்கம் முதல் வரிசையில் நின்றவன் நான். அந்த பைலட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேசவும் செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து ஆர்ச் கேட் டீக்கடை. பழைய ஷிப்ட் கூட்டாளி கொளஞ்சிநாதன் இருந்தான். மருமகள் விஷயத்தைச் சொல்லாமல், பொதுவாக நெருப்பு, ஆபத்து என்று பேச்சை எடுத்தேன். நான் மைன்ஸில் கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பார்த்த காலத்தில் பெல்ட்டில் நெருப்புப் பிடித்த கதையைச் சொன்னேன். ஆள் உயரத் தீ. பக்கவாட்டில் ஓடும், பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றை ஒரே பாய்ச்சலில் போய் இழுத்தேன்.

கொளஞ்சி டீ கிளாஸை வைத்துவிட்டு, "இன்னா லூர்து, போன பொங்கலுக்கு முட்டி வரைக்கும்தான எரிஞ்சிது? இப்ப ஆள் ஒசரம் வந்துட்ச்சா? அடுத்த வருசம் ரிட்டயர்டு பசங்க நாங்கல்லாம் மைன்ஸ் பக்கம் வந்து தண்ணி ஊத்தணும் போலக்குதே" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் அன்று அந்த ஷிப்டில் இல்லை. யாருமே இல்லை. நான் ஒருத்தன்தான்.

திரும்பி வரும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நான் டீக்கடையில் தீயை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

இன்று அவளிடமே அந்தக் கதையைச் சொன்னேன். சாயங்காலம் கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாக முழுசாகக் கேட்டாள். சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்தான், ஆனால் இன்று கேட்டது வேறு மாதிரி. கண்ணை எடுக்கவில்லை.

"சைரன் அடிச்சப்ப காது அடைக்கலியா மாமா?"

"எனக்கா?"

"நெஜமா ஒரு செகண்டுகூட யோசிக்கலியா?"

"ஒரு நொடிகூட யோசிக்கல கண்ணு. மணி அடிச்சா கை போவணும். மூளைக்குத் தகவல் சொல்லிட்டா போவ முடியும்? கைக்கு மூளை எதுக்கு?"

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சு நெஜ நெருப்பப் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான் மாமா" என்றாள்.

இதை எழுதும்போது நெஞ்சு நிறைந்திருக்கிறது. தென்னைமரம் உயரத்துக்கு எரிந்ததாகச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பயிற்சி ஆரம்பித்தாகிவிட்டது. என் சொந்தத் தயாரிப்பு.

அவள் அறைச் சுவரில் விமானத்தின் முன்பக்கப் படம் ஒன்று ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையால் பழகுவாளாம், எல்லா பைலட்டுகளும் அப்படித்தானாம். நான் அதற்குக் கீழே ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து, ஒட்டடைக் கம்பை இரண்டாக வெட்டிச் செருகி, இடது இன்ஜினுக்குச் சிவப்புத் துணி, வலது இன்ஜினுக்குக் கறுப்புத் துணி சுற்றினேன். மரியபுஷ்பத்தின் எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் மணி. எப்போது அடிப்பேன் என்று சொல்ல மாட்டேன். அடித்ததும் கம்பு சாய்ந்திருக்க வேண்டும்.

முதல் அடிக்கு உறைந்துவிட்டாள். அப்படியே கல். பிறகு அடித்தேன், அடித்தேன். சாயங்காலத்துக்குள் கை பறக்க ஆரம்பித்தது. கடைசியில் கம்பு கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. மரியபுஷ்பம் சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். நான் தாம்பாளத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 24, வியாழன்

இன்று ஒரு சின்னத் தகராறு.

"கேப்டன் மேடம் மொதல்ல கைய மடியில வைக்கச் சொல்றாங்க மாமா. கைய வச்சா திரும்ப வராதோனு பயமா இருக்கு."

"அப்ப வைக்காத. அவங்க புஸ்தகத்துல படிச்சவங்க."

"எந்த இன்ஜின்னு பாத்து, கேட்டு, உறுதி பண்ணிட்டுத்தான்..."

"பாக்கறதுக்குள்ள வெந்துடும். எங்க மைன்ஸ்ல மொத பாடமே அதான். சந்தேகம்னா இழு. இழுத்துட்டு அப்புறமா கேளு. எத்தினி ஆளு பொழச்சிருக்கான் தெரியுமா அதால?"

இது பொய் இல்லை. உண்மையிலேயே அதுதான் எங்கள் பாடம். எவன் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம். பெல்ட் நிற்கும். தப்பாக இழுத்தால் ஃபோர்மேன் திட்டுவார், அவ்வளவுதான்.

ஏஞ்சலின் தலையாட்டினாள். கேப்டனிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 29

மரியபுஷ்பம் குக்கர் மூடியைக் கீழே போட்டுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏஞ்சலினின் கை பாய்ந்து தண்ணீர்ச் சொம்பைத் தட்டி, குழம்புச் சட்டியைப் பிடித்துச் சாய்த்துவிட்டது. கை வெந்துபோனது. எதைப் பிடித்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"வூட்ல ஒரு பாத்திரம் கழுவ பயமா இருக்குதுண்ணே. போதும் நிறுத்து" என்று தங்கை அழுதாள்.

"வேகம் வந்துடுச்சுனு அர்த்தம்" என்றேன்.

வேகம்தான். ஆனால் அவள் கண்ணை நான் பார்த்தேன். அந்தக் கண் சட்டியைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. அதை ஏன் நான் சொல்லவில்லை? சொன்னால் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்று...

எழுதி என்ன.

ஆகஸ்ட் 2, சனி

பெங்களூர் கிளம்பினாள். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். "உங்க மாதிரியே பண்ணிட்டு வரேன் மாமா" என்றாள். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "பைலட்டம்மா, ஜாக்கிரத!" என்று கூவினேன். ஒரு லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 6

டீக்கடையில் கொளஞ்சி விசாரித்தான். பரீட்சை முடிந்தே விட்டது, முதல் இடம் என்று சொல்லிவிட்டேன். பரீட்சை வெள்ளிக்கிழமை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன் வந்தது. எனக்கில்லை, மரியபுஷ்பத்துக்கு. அவள் "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். பிறகு போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள், எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு வெங்காயம் எதற்கு?

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்துவிட்டாள். அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நானாகக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். நிதானமாக, வேறு யாருக்கோ நடந்ததுபோல.

தரையை விட்டுக் கிளம்பியதும் மணி அடித்திருக்கிறது. உறையவில்லை. காதும் அடைக்கவில்லையாம். கை பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் "இரு, இரு" என்று சொன்னது கேட்டதாம், ஆனால் அதற்குள் இழுத்தாகிவிட்டது. வலது இன்ஜின். தீப்பிடித்தது இடது.

"ரொம்ப அமைதியாயிடுச்சு மாமா. ரெண்டு இன்ஜினும் இல்லாம. காத்துச் சத்தம் மட்டும். ஜன்னல்ல தரை வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் படம் நின்னுடுச்சு. லைட்டைப் போட்டாங்க."

வெளியே கேப்டன் பொற்கொடி காத்திருந்தார்களாம். இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களாம். எங்க மாமா மைன்ஸ்ல அப்படித்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மாள் திட்டவில்லையாம். "சுரங்கத்துல எதை நிறுத்தினாலும் பொழச்சுக்கலாம்மா. மேல தப்பானதை நிறுத்திட்டா பொழைக்க முடியாது. போன தடவை நீ உறைஞ்சே, அப்பக்கூட விமானம் பறந்துக்கிட்டுதான் இருந்துச்சு" என்று சொன்னார்களாம்.

அப்போதும் பறந்துகொண்டுதான் இருந்தது. நான் இதை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

கம்பெனியிலிருந்து வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 12

பழப்பெட்டியை உடைத்தேன். தாம்பாளம் ஓரத்தில் நசுங்கிப்போயிருக்கிறது. மரியபுஷ்பம் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். கோயிலில் கொடியும் ஏற்றி மிட்டாயும் கொடுத்தார்கள். சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்ன லூர்துசாமி, நம்ம விமானி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"ரிசல்ட் இன்னும் வரலைங்க சாமி."

நான் இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகஸ்ட் 19

அடுத்த தெருப் பெண்கள் இரண்டு பேர் மரியபுஷ்பத்திடம் வந்து, "ஒங்க பொண்ணுக்கு மொத எடமாமே, சொல்லவே இல்ல" என்று கேட்டிருக்கிறார்கள். ஏஞ்சலின் உள்ளறையில் இருந்து கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டாளாம். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சாத்தினாள் என்று தங்கை சொன்னாள். கோபமாகவே சாத்தியிருக்கலாம்.

டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் காவி உடுத்திக்கொண்டு மெயின் ரோட்டில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். மரியபுஷ்பம் அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஏஞ்சலினும் குடம் தூக்கினோம். கையில் வெந்த இடம் ஆறி வெள்ளையாகத் தெரிகிறது.

பேச வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். "கண்ணு, நான் ஒண்ணு..." என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை. எனக்காக வருத்தப்பட்டாள். எனக்காக!

"நீங்க மனசுல வச்சுக்காதீங்க மாமா. உங்க மேல தப்பே இல்ல. நீங்க சொன்னது சரிதான். உங்களுக்கு யோசிக்காம கை போனா சரியான எடத்துக்குப் போவுது. எனக்குப் போகல. எனக்கு உங்க தைரியம் இல்ல, அவ்ளோதான்."

மோர் குடித்தவர் ஒருவர் டம்ளரை நீட்டினார். வாங்கிக் கழுவினேன். வாயே திறக்கவில்லை. ஊரில் இல்லாத கதையெல்லாம் சொல்கிற வாய்.

இந்தப் பெண் இனி சாகும்வரைக்கும் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருப்பாளா? என்னை அளவுகோலாக வைத்து?

ஆகஸ்ட் 30

சென்னையில் ஏதோ ஆஃபீஸில் வேலையாம். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். "மணி அடிச்சா எடுக்கணும், அவ்ளோதான்" என்றாள். சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

சுவரில் இருந்த படத்தை அவளே கிழித்தாள். பசை பிடித்த நாலு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

காலையில் சென்னை பஸ் ஏற்றிவிட்டேன்.

பஸ் தாமதம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நெடுநேரம் நின்றோம். சொல்லிவிடலாம் என்றுதான் கூடவே போனேன், மரியபுஷ்பத்தை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு. வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து குஞ்சிதபாதம் ஸ்கூட்டரை நிறுத்தினான், பழைய ஸ்டோர் கிளார்க்.

"பாப்பா எங்கங்க கெளம்புது?"

"சென்னைக்குத்தான். அங்கருந்துதான பிளைட்டு ஓட்டணும்" என்றேன்.

தானாக வந்துவிட்டது. ஏஞ்சலின் ரோட்டைப் பார்த்தாள். குஞ்சிதபாதம் அவளுக்குக் கை கொடுத்தான். அவளும் கொடுத்தாள். பஸ் வந்தது. "வரேன் மாமா, மாத்திரையை ஒழுங்காப் போடுங்க" என்று ஏறிவிட்டாள்.

வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இங்கேயாவது எழுதுகிறேன்.

நெருப்பின் உயரம் ஊருக்கே தெரியும். ஒரு உருளை இறுகி, பெல்ட் உரசி, கீழே கொட்டிக்கிடந்த பழுப்புக்கரித் தூள் கனிந்து புகைந்தது. தீ என்றுகூடச் சொல்ல முடியாது. அதை நான் தென்னைமரம் ஆக்கியதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனது வேறொன்றால்.

சைரன் அடித்தபோது எனக்குக் கால் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. ஆமாம், எனக்கும்தான். இரண்டு கையாலும் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன், வாய்விட்டு, முழுசாக, அழுகிற குரலில். ஆமென் சொல்லி மூச்சு விட்டபோதுதான் கண் திறந்த மாதிரி இருந்தது. புகை என் பக்கத்து பெல்ட்டில் இல்லை, அடுத்த பெல்ட்டில் என்று அப்போதுதான் பார்த்தேன். அப்புறம் நடந்தேன். ஓடவில்லை, நடந்துபோய் அந்தக் கயிற்றை இழுத்தேன்.

கல்யாண வயதில் ஒருத்தன், மீசை வைத்தவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான் என்று யாரிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் கதையில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேனே, அது அந்த இடத்தில் நான் வைத்தது.